ஸ்க்ரீன் பிரின்டிங் பட்டறைக்குள் வேலைப் பட்டியல் டிவி: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம், பேட்டை சிட்கோவிலோ, மேலப்பாளையத்துச் சந்துக்குள்ளோ, சுரண்டை பக்கமோ பட்டறை வைத்திருப்பவர்களுக்கானது இது. டி-ஷர்ட், கட்டைப்பை, மஞ்சப்பை, ஸ்டிக்கர் என்று கலந்து அடிக்கும் இடம், ஆறிலிருந்து பதினைந்து ஆள் வரை வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிளிலிருந்து ஒருவர் "அண்ணாச்சி, இதுக்கு முதுகுல பேரு உண்டா?" என்பார். பேக்கிங்கிலிருந்து இன்னொருவர் "அம்பை பார்ட்டிக்கு எத்தன பீஸு?" என்பார். இந்தக் கேள்விகளைக் குறைக்கத்தான் பட்டறைக்குள் டிவி. வருகிற பார்ட்டிக்கு மாதிரி காட்டத்தான் வேண்டும் என்றால் முன் அறையில் ஒன்று போதும், கீழே உள்ளது எதுவும் தேவைப்படாது.

1. டிவிக்கு முன் வேலைச்சீட்டு

பெரும்பாலான இடங்களில் டிவி தோற்பது இங்கேதான். ஆர்டர் பாதி வாட்ஸ்அப்பிலும், பாதி முதலாளியின் சட்டைப்பை நோட்டிலும் இருந்தால் டிவியில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே ஒரு வாரம் வெள்ளை போர்டில் மார்க்கரால் எழுதிப் பாருங்கள். போர்டில் ஓடாத பட்டியல் டிவியிலும் ஓடாது.

ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. கட்டாயம் வேண்டியவை இவ்வளவுதான்: பார்ட்டி பெயர், சரக்கு (ரவுண்ட் நெக் கறுப்பு, அளவு வாரியாக எம் 40, எல் 60, எக்ஸ்எல் 20), எத்தனை கலர், எந்த இடத்தில் (நெஞ்சு, முதுகு, கை), பிரேம் (டிசைன் ஏற்றும் வலைச்சட்டம்) நம்பர், வேலை எந்த நிலையில் நிற்கிறது, இன்னும் எத்தனை நாள்.

பிரேம் நம்பர் என்று ஒன்று இதுவரை இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். ஒவ்வொரு பிரேமின் கட்டையிலும் பெயின்டால் ஒரு எண்ணும் மெஷ்ஷும் (வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற எண்) எழுதிவிடுங்கள்: "17 / 43டி", "31 / 120டி" என்று. துணிக்கு 43டி எடுக்க வேண்டியவர் அவசரத்தில் ஸ்டிக்கருக்கு வைத்திருக்கும் 120டி பிரேமில் கோட்டிங் (வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் பூச்சு) போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். கறுப்புத் துணியில் வெள்ளை ஏறாமல் சாம்பலாக நிற்கும்போதுதான் தெரியவரும். டிவியில் பிரேம் நம்பர் நிற்பதன் பெரிய லாபமே இதுதான்.

தேதிக்குப் பதில் "மீதி நாள்" காட்டுங்கள். நம் பக்கத்தில் கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) ஆர்டர் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகாது. அம்மன் கோயில் கொடை செவ்வாய்க்கிழமை என்றால் திங்கள் மாலைக்குள் சட்டை ஊர் போய்ச் சேர வேண்டும். கால்நாட்டிய பிறகுதான் பையன்கள் பணம் பிரித்து ஆர்டர் கொடுக்க வருவார்கள், அதனால் கையில் இருப்பது ஒரு வாரம்தான். "12-08" என்று போட்டால் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. "2 நாள்" என்று சிவப்பில் நின்றால் டேபிள்காரரே எழுந்து கேட்பார். கூகுள் ஷீட்டில் டெலிவரி தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் இந்த எண் தானாக மாறிக்கொண்டே இருக்கும். டெலிவரி தேதி என்ற இடத்தில் கொடை நாளைப் போடாதீர்கள். நம் கையிலிருந்து சரக்கு கிளம்பும் நாளைப் போடுங்கள்.

பட்டியலைப் புதுப்பிக்க ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். டிசைன் போடுகிறவரோ, பில் போடுகிற அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. காலை வேலை தொடங்கும்போது ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு நாள் பழைய பட்டியல் நின்றுவிட்டால் மூன்றாம் நாள் யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள், பழையபடி சத்தம் தொடங்கிவிடும்.

2. எங்கே மாட்டலாம், எங்கே கூடாது

மூன்று இடம் போதும். பிரின்ட் டேபிள்களுக்கு எதிரே ஒன்று, எக்ஸ்போசிங் அறை வாசலுக்கு வெளியே ஒன்று, பேக்கிங்கில் ஒன்று. முதலில் டேபிளுக்கு எதிரே உள்ளதை மட்டும் மாட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். மற்ற இரண்டும் தேவையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

எக்ஸ்போசிங் அறைக்குள், அதாவது எமல்ஷன் கோட்டிங் போட்டுக் காயவைக்கும் இடத்தில், டிவி வேண்டவே வேண்டாம். எமல்ஷன் புறஊதாக் கதிருக்கும் நீல ஒளிக்கும் இறுகும். அதனால்தான் அந்த அறையில் மஞ்சள் விளக்கு. எல்இடி டிவியின் வெள்ளை வெளிச்சத்தில் நீலம் நிறைய உண்டு. கோட்டிங் போட்ட பிரேம் அதன் எதிரில் மணிக்கணக்கில் காய்ந்தால் மெல்லிய கோடுகள் வாஷ்-அவுட்டில், அதாவது தண்ணீரில் கழுவும்போது, திறக்காது. டயசோ கலந்து போடும் எமல்ஷனைவிட ரெடிமேட் போட்டோபாலிமர் எமல்ஷன் இன்னும் வேகமாகப் பாதிக்கும். கதவைத் திறந்தால் டிவி வெளிச்சம் உள்ளே விழாத கோணத்தில், வெளிச்சுவரில் மாட்டுங்கள்.

அடித்த இங்கைச் சூட்டில் காயவைக்கும் ஃபிளாஷ், க்யூரிங் மெஷின் பக்கத்திலும் கூடாது. பிளாஸ்டிசால் இங்க் இறுக 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், மெஷினின் வாய்ப்பக்கம் வரும் அனல் மேலே ஏறும். வீட்டு டிவிகள் பொதுவாக 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் அடியில் அதுவே தாண்டிவிடும். கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டினால் நன்றாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம், அங்கேதான் சூடு தங்கும். டிவியின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏழடி, முகம் சற்றுக் கீழே சாய்ந்து இருந்தால் போதும்.

துணி நகராமல் டேபிளில் ஒட்டவைக்கும் டேபிள் கம் ஸ்ப்ரே அடிக்கும் இடத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். அந்தப் பசைத்தூள் காற்றில் மிதந்து டிவியின் முகத்திலும் பின்பக்கத் துளைகளிலும் படியும், அதன்மேல் துணிப்பஞ்சு ஒட்டும். சில மாதத்தில் பின்பக்கம் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும், உள்ளே சூடு வெளியேறாது. பிரேம் கழுவும் பிரஷர் வாஷர், தின்னர் வைத்துக் கழுவும் தொட்டி ஆகிய இரண்டுக்கும் இதே தூரம். தின்னர் ஆவி தங்கும் மூலையில் பிளக், சுவிட்ச் எதுவும் வேண்டாம்.

சுவரையும் பாருங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் ஆறு மாதத்தில் தளரும். தூணில் அடியுங்கள், அல்லது இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் செய்து தூணோடு போல்ட் போடுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் சாரல் அடிக்கும் மேற்குச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் ஈரமும் புழுதியும் சேர்ந்தே வரும்.

3. எந்த டிவி

கடைக்காரர் 4கே, டால்பி என்று சொல்வதெல்லாம் நமக்கு வேண்டாம். பார்க்க வேண்டியவை சில.

அளவு தூரத்தைப் பொறுத்தது. பத்தடிக்கு ஒரு அங்குல உயரம் எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். 43 அங்குல டிவியில் அந்த அளவில் பத்து வரி கொள்ளும், 32 அங்குலத்தில் ஏழு. இருபதடி தள்ளி நிற்பவருக்கு எழுத்தை இரட்டிப்பாக்க வேண்டும், வரி பாதியாகும். டேபிளுக்கு எதிரே 43, மற்ற இடங்களில் 32 என்பது சரியாக வரும்.

பல 32 அங்குல டிவிகள் எச்டி ரெடி மட்டும்தான். சின்ன எழுத்து மங்கும், தமிழில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். ஃபுல் எச்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓஎல்இடி வேண்டாம். ஒரே பட்டியல் நாள் முழுக்க நிற்பதால் அதன் தடம் அப்படியே பதிந்துவிடும்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று: டிவி ஓடும்போது சுவரில் சுவிட்சை அணைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். தானாக எரிந்தால் நல்லது. சிவப்பு விளக்கோடு ஸ்டான்ட்பையில் நின்றால், கரன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் ரிமோட்டோடு மூன்று டிவிக்கும் ஓட வேண்டியிருக்கும். சில மாடல்களில் "பவர் ஆன் மோட்" என்று அமைப்பிலேயே இருக்கும், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

4. டிவிக்குப் பின்னால் என்ன பெட்டி

மூன்று வழி உண்டு.

டிவி ஆண்ட்ராய்டு என்றால் அதிலேயே ஃபுல்லி கியோஸ்க் போன்ற ஒரு பிரவுசர் ஆப் போட்டு, டிவி எரிந்ததும் நம் பட்டியல் பக்கம் திறக்கும்படி வைக்கலாம். மலிவான வழி. ஆனால் விலை குறைந்த டிவிகளில் நினைவகம் குறைவு, இரண்டு நாளுக்கு ஒரு முறை தொங்கும். அப்டேட் வந்து நடுவில் நிற்கும். முதல் மாதச் சோதனைக்கு இது போதும்.

பழைய கம்ப்யூட்டரைச் செருகுவது இரண்டாவது. இடம் அடைக்கும், விசிறியில் பஞ்சு அடையும். டிசைன் போடும் கோரல் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்தே இரண்டாவது திரையாக இழுப்பது மட்டும் வேண்டாம். டிசைனர் திறக்கும் ஜன்னல் எல்லாம் பட்டறை டிவிக்குத் தாவும்.

மூன்றாவது ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர். நிலைத்து ஓட இதுதான் சரி. பை 4, 2 ஜிபி தாராளம். வாங்கும்போது 5 வோல்ட் 3 ஆம்பியர் கொடுக்கும் அதற்கான அடாப்டரையே வாங்குங்கள். போன் சார்ஜரில் ஓட்டினால் திரை மூலையில் மின்னல் குறி வரும், நடுநடுவே ரீஸ்டார்ட் ஆகும். எச்டிஎம்ஐ துளை இரண்டு இருக்கும், கரன்ட் செருகும் பக்கம் இருக்கும் முதல் துளையில் மாட்டுங்கள். அது மைக்ரோ எச்டிஎம்ஐ, சாதாரணக் கேபிள் நுழையாது. வாங்கி வந்த பிறகு இதற்காக ஒரு நாள் போகும்.

சிஸ்டத்தை ஏற்றிய பிறகு செய்ய வேண்டியவை: தானாக லாகின், குரோமியம் பிரவுசரைக் கியோஸ்க் முறையில் (நம் பக்கம் மட்டும் முழுத்திரையில்) திறக்க வைப்பது, ஸ்க்ரீன் பிளாங்கிங்கை (திரை தானாக இருண்டுபோவதை) அணைப்பது, தினமும் காலை ஒரு ரீபூட். எல்லாம் சரியாக ஓடிய பிறகு அமைப்புப் பட்டியலில் "ஓவர்லே ஃபைல் சிஸ்டம்" என்பதைப் போட்டுவிடுங்கள். கரன்ட் திடீரென்று போகும்போது எஸ்டி கார்டில் எழுத்து நடந்துகொண்டிருந்தால் கார்டு கெடும். இதைப் போட்டால் கார்டில் எழுதவே எழுதாது. மறுபடி ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இதை எடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செய்த மாற்றம் ரீபூட்டில் காணாமல் போகும்.

பை 4-க்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் வந்தும் நெட் வராவிட்டால் அதற்குத் தேதி தெரியாது. "கனெக்‌ஷன் பாதுகாப்பானதல்ல" என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பெட்டியைக் கழற்றாதீர்கள். நெட் வந்ததும் ஒரு முறை ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

ஒரு பெட்டியிலிருந்து நீளமாக எச்டிஎம்ஐ இழுத்து எல்லா டிவிக்கும் கொடுக்கலாமே என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். பத்து மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்ப முடியாது, அத்தோடு எல்லா டிவியிலும் ஒரே படம்தான் வரும். பேக்கிங்கில் இருப்பவருக்கு மெஷ் நம்பர் எதற்கு? டிவிக்கு ஒரு பெட்டி என்று வைப்பதே நல்லது.

5. கரன்ட்: இங்கே சிக்கனம் வேண்டாம்

ஃபிளாஷும் க்யூரிங் மெஷினும் கிலோவாட் கணக்கில் இழுப்பவை. அதே வயரில் டிவியைக் கொடுக்காதீர்கள். போர்டிலிருந்து தனி எம்சிபி, தனி வயர், எர்த்தோடு.

டிவியைச் சாகடிப்பது லோ வோல்டேஜ் அல்ல. பெரும்பாலான எல்இடி டிவிகள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை ஓடிவிடும். ஆபத்து ஹை வோல்டேஜ்தான். த்ரீ பேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தாலோ அறுந்தாலோ, 230 இருக்க வேண்டிய இடத்தில் 350-க்கு மேல் ஏறும். டிவி, ரூட்டர், யுபிஎஸ் எல்லாம் ஒரே நொடியில் போகும். சாதாரண ஸ்பைக் பஸ்டர் இதற்கு உதவாது. போர்டிலேயே மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். டிவி லைனுக்கு அதைப் போட்டே ஆக வேண்டும்.

பேட்டரி பேக்கப்பை ரூட்டருக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் மட்டும் கொடுங்கள். டிவி அணைந்து எரிவதால் நஷ்டமில்லை, பெட்டியும் நெட்டும் நடுவில் அறுந்தால்தான் தொல்லை. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். டிவியும் அணையாமல் இருந்தே ஆக வேண்டும் என்றால், 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் 32 அங்குல டிவியும் ராஸ்பெர்ரி பையும் சேர்ந்து அரை மணி நேரம் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று அதை நம்ப முடியாது. அன்றைக்குக் காலையிலேயே பட்டியலை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து டேபிளில் ஒட்டிவிடுங்கள்.

மின் செலவு பெரிதில்லை. 43 அங்குல டிவி 80 வாட் என்று வைத்து, பத்து மணி நேரம், 26 நாள் ஓடினால் மாதம் 21 யூனிட்டுக்குள். அனுமதிக்கப்பட்ட லோடு ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் மட்டும் இபி கார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் பெட்டியிலும் ராஸ்பெர்ரி பையின் கேஸிலும் வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். பல்லி உள்ளே போய் போர்டு ஷார்ட் ஆவது நம்மூரில் சாதாரணம்.

6. நெட், வயர்

தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் நிறைந்த இடத்தில் வை-ஃபை ஒரு மூலையில் வரும், ஒரு மூலையில் வராது. கேட் 6 லேன் வயர் இழுத்துவிடுங்கள், நூறு மீட்டர் வரை பிரச்சினை இல்லை. வாங்கும்போது "ஃபுல் காப்பர்" என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய வயர் விலை குறைவு, ஆனால் முனை உடையும். எலி கடிக்காமல் பிவிசி பைப்புக்குள் போக வேண்டும், கரன்ட் வயரோடு ஒரே பைப்பில் போகக் கூடாது. திறந்த முற்றத்தைத் தாண்டி இன்னொரு ஷெட்டுக்குச் செம்பு வயர் இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் அந்த வயர் வழியாகவே இரண்டு முனையும் எரியும். அங்கே மட்டும் வை-ஃபை பிரிட்ஜ் வைக்கலாம்.

7. தமிழ் எழுத்தும் நிறமும்

டிசைனர் பாமினியிலோ வேறு பழைய ஃபான்டிலோ தட்டச்சு செய்த பெயர்களை ஷீட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது மாற்றி எடுத்து ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துப் பாருங்கள், ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ராஸ்பெர்ரி பையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம், நோட்டோ அல்லது லோகித் தமிழை நிறுவினால் தீரும். வரிக்கு வரி இடைவெளி ஒன்றரை மடங்கு விடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் டிவி அமைப்பில் படத்தின் அளவை "ஜஸ்ட் ஸ்கேன்" என்பதற்கு மாற்றுங்கள்.

டிசைன் படத்தைப் பட்டியலோடு காட்டலாம், அது அளவுக்கும் இடத்துக்கும் மட்டும். டிவியில் தெரியும் சிவப்பைப் பார்த்து இங்க் கலக்க விடாதீர்கள். ஒவ்வொரு டிவியும் ஒவ்வொரு சிவப்பு காட்டும். நிறத்துக்கு ஷேட் கார்டும் பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டும்தான். படத்தின் மேலேயே "நிறம் கார்டில் பார்க்க" என்று எழுதிவிடுங்கள்.

ஷீட்டை "பப்ளிஷ் டு வெப்" முறையில் போட்டால் மாற்றம் டிவிக்கு வர ஐந்து நிமிடம் போல ஆகும், பட்டறைக்கு அது போதும். ஆனால் அந்த இணைப்பு கிடைத்த யாரும் திறந்து பார்க்கலாம். பார்ட்டியின் போன் நம்பர், ரேட், பாக்கி எதுவும் அந்த ஷீட்டில் இருக்கக் கூடாது. கணக்குக்குத் தனி ஷீட் வையுங்கள்.

8. பில், வாரன்டி, செலவு

பில் பட்டறையின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்குங்கள். ரெகுலர் முறையில் இருப்பவர்கள் வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், காம்போசிஷனில் இருப்பவர்கள் எடுக்க முடியாது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்த்துத் தரச் சொன்னால் இழுத்தடிப்பார்கள், ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

வாரன்டி அட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள். வீட்டு டிவிகள் பலவற்றில் "வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி இருக்கும். வணிக டிஸ்ப்ளேக்கள் விலை இரண்டு மடங்கு வரும். இந்த அளவுப் பட்டறைக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வீட்டு டிவியை வாங்கி, ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃபில் செலவழியுங்கள்.

மூன்று டிவிக்குத் தோராயக் கணக்கு: 43 அங்குலம் ஒன்று 22,000, 32 அங்குலம் இரண்டு 24,000, கேஸ், அடாப்டர், கார்டோடு மூன்று ராஸ்பெர்ரி பை 21,000, வயரிங், லேன், பிராக்கெட், கட்-ஆஃப் 12,000, மினி யுபிஎஸ் 2,000. ஆக 81,000 ரூபாய். ஒரே டிவியில் ஆண்ட்ராய்டு ஆப்போடு தொடங்கினால் 30,000-க்குள் முடியும்.

9. எப்போது செய்வது

சித்திரை, வைகாசி கல்யாண முகூர்த்தம், ஜூன் பள்ளித் திறப்பு, ஆடிக் கொடை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். டி-ஷர்ட், பை அடிப்பவர்களுக்குப் புரட்டாசி வாட்டம். காலண்டர் அடிக்கும் இடம் என்றால் மார்கழியைத் தொடவே கூடாது. வயரிங்குக்கு இரண்டு நாள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். சுவர் துளையிடும் தூசு ஈர பிரின்ட்டில் விழும், ரேக்கில் காயும் சரக்கை முதலில் மூடிவிடுங்கள்.

துடைக்கும் வேலையை யாரிடம் கொடுத்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பிரேம் துடைக்கும் தின்னர் துணியை டிவியில் வைக்கக் கூடாது. ஒரே துடைப்பில் முகத்தின் பூச்சு வெண்படலமாகிவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, டிவி அணைந்திருக்கும்போது, வாரம் ஒரு முறை. பின்பக்கப் பஞ்சுக்கு உலர்ந்த பெயின்ட் பிரஷ்.